நெடுந்தீவில் ஒரு இரவாவது தங்குங்கோ

"அங்கை என்ன கிடக்கு?"

போன மாதம் என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் கேட்டது இது. தாய்லாந்துப் பக்கம் ஏதோ ஒரு தீவில் மூங்கில் குடிசை, வாசலில் கடல் என்று போனில் படம் காட்டினார். பிளேன் டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கிறாராம். "அதுக்கு முதல் நெடுந்தீவில ரெண்டு நாள் நிண்டு பாத்தீரோ?" என்று கேட்டேன். நெடுந்தீவு யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் கிடக்கிற எங்கள் தீவு. அவர் யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நெடுந்தீவுக்கு ஒரே ஒருமுறை பள்ளிக்கூடச் சுற்றுலாவில் காலமை போய்ப் பின்னேரம் வந்திருக்கிறார். அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து அரிக்கிறது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கையில் காசு குறைவு, முதுகில் ஒரு பை, ஆரவாரம் இல்லாத கடற்கரை ஒன்றில் இரண்டு நாள் இருக்க ஆசை என்றால் எங்கள் தீவுகளை விட்டு வேறு எங்கேயும் போகத் தேவையில்லை. ஆனால் போனால் இரவு தங்க வேண்டும். காலமை போய்ப் பின்னேரம் ஓடிவருகிற பயணத்தால் தீவுக்கும் பிரயோசனம் இல்லை, போனவருக்கும் இல்லை.

போகிற வழியே பாதிப் பயணம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவாலேயே ஓடும். வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகிற பாலத்தில் யன்னல் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். கடலுக்குள் தடி நட்டுக் கட்டிய வலைகள், அந்தத் தடிகளின் நுனியில் ஆளுக்கொரு தடியாகக் குந்தியிருக்கும் நீர்க்காகங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு கூட்டம் நிற்கும். நயினாதீவு போகிறவர்கள் பூவும் அருச்சனைத் தட்டும் வைத்திருப்பார்கள், அவர்களுக்கு இருபது நிமிடப் பயணம். நெடுந்தீவு போகிறவர்கள் மாச்சாக்கு, காஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி, பேரப்பிள்ளைக்கு வாங்கிய சைக்கிள் என்று வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மணித்தியாலம். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த ஒரு மணித்தியாலம் வயிற்றைக் கலக்கிவிடும். தை தொடங்கிச் சித்திரைக்குள் போனால் கடல் படுத்துக் கிடக்கும்.

அந்தப் படகு சுற்றுலாப் படகு இல்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிற நோயாளியும், படிப்பிக்கப் போகிற ரீச்சரும், பென்சன் எடுக்க வந்த ஐயாவும் அதில்தான் வருகிறார்கள். 1985 மே 15ஆம் திகதி இதே கடலில் குமுதினிப் படகில் வந்த சனத்தை வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தையையும் விடவில்லை. இன்றைக்கும் வருடா வருடம் தீவில் விளக்குக் கொளுத்துகிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற வயதான அம்மாவின் வீட்டிலிருந்தும் அன்றைக்கு ஒரு ஆள் அந்தப் படகில் ஏறியிருக்கலாம். அந்தப் படகில் ஸ்பீக்கர் பொக்ஸ் வைத்துப் பாட்டுப் போட்டு ஆடுகிற இளைஞர் கூட்டத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மாவலித்துறையில் இறங்கியவுடன் ஓட்டோக்களும் பட்டா என்கிற சின்ன லொறிகளும் நிற்கும். மூன்று மணித்தியாலச் சுற்று: பெருக்கு மரம், கோட்டை, புறாக்கூடு, பெரிய காலடித் தடம், குதிரை. ஒவ்வொரு இடத்திலும் படம், பிறகு கடைசிப் படகைப் பிடிக்க ஓட்டம். ஓட்டோ அண்ணைமாருக்கு அதில் நாலு காசு கிடைக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தீவைப் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசிப் படகு வெளிக்கிட்ட பிறகுதான் நெடுந்தீவு தன் பாட்டுக்கு வருகிறது.

நானும் என் சிநேகிதியும் போன முறை ஒரு வீட்டின் பக்கத்து அறையில் இரண்டு இரவு தங்கினோம். சீமெந்து நிலம், பாய், தலையணை, ஒரு மின்விசிறி. வளவைச் சுற்றி முருகைக்கல் வேலி. அந்த வேலியைக் கிட்ட நின்று பாருங்கள். சாந்து கிடையாது, சீமெந்து கிடையாது. ஒரு கல்லின் பள்ளத்துக்குள் மற்றக் கல்லின் மேடு இருக்கத்தக்கதாகத் தேடித் தேடி அடுக்கியிருக்கிறார்கள். சில கல்லில் பவளப்பூச்சியின் கண்கள் தேன்கூடு மாதிரி அப்படியே தெரிகின்றன. விரலை வைத்துத் தடவினால் கடலின் அடித்தளத்தைத் தடவுகிற மாதிரி இருக்கும். காற்று அந்த இடுக்குகளுக்குள்ளால் போகிறதாம், அதனால்தான் எந்தப் புயலுக்கும் விழாமல் நிற்கிறது என்று வீட்டுக்கார அக்கா சொன்னா.

பொழுதுபட்ட பிறகு குதிரைகள் வந்தன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கிய இனத்தின் வழிவந்தவை என்று சொல்வார்கள். கட்டையாக, எலும்பு தெரிய, ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல் தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்து நின்றன. தாய்க்குதிரை குடித்து முடிக்கும்வரை குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பகலில் பட்டாவில் கலைத்துக் கலைத்துப் படம் எடுத்தார்களே, அந்தக் குதிரைகள்தான். கலைத்தால் அவை வெயிலில் ஓட வேண்டும், ஓடினால் தாகம் எடுக்கும், தண்ணீர் எங்கே இருக்கிறது? வரட்சிக் காலங்களில் தண்ணீர் இல்லாமல் செத்துப்போன குதிரைகளைப் பற்றி இந்தத் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தயவுசெய்து கலைக்காதீர்கள். பின்னேரம் ஒரு இடத்தில் பேசாமல் இருந்தால் அவையே வரும்.

தண்ணீரைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத வந்தது.

நெடுந்தீவு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர் சுண்ணாம்புக் கல். ஆறு இல்லை, மலை இல்லை. மாரியில் பெய்கிற மழை கல்லுக்குள்ளால் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அதுதான் கிணற்று நீர். வாளியால் அள்ளினால் தாங்கும். பம்ப் போட்டு இழுத்தால் நல்ல தண்ணீர் படை மெலிந்து, அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய உப்பை இறக்க நல்ல மாரிகள் வேண்டும். தீவின் எல்லாக் கிணற்றிலும் நல்ல தண்ணீர் இல்லை. சாராப்பிட்டிப் பக்கம் நல்ல கிணறுகள் இருக்கின்றன, வேறு இடங்களில் வாயில் வைக்க முடியாது.

முதல் நாள் கடலில் குளித்துவிட்டு வந்து, உடம்பெல்லாம் உப்பு என்று கிணற்றடியில் நின்று வாளி வாளியாக ஊற்றினேன். ஐந்தாவது வாளி அள்ளும்போது அக்கா வந்து நின்றா. ஏசவில்லை. "பிள்ளை, உப்புக் கழுவ ரெண்டு வாளி காணும். தலைக்கு ஒண்டு, உடம்புக்கு ஒண்டு. வைகாசி வரைக்கும் இதுக்குள்ள இருக்கிறதுதான் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, நான் ஊற்றிய தண்ணீர் வீணாகாமல் ஓடட்டும் என்று காலால் மண்ணை விலக்கி வாழையடிக்கு வாய்க்கால் வெட்டிவிட்டா. அந்தக் காலடி மண்ணை இப்போதும் என் கண்ணுக்குள் பார்க்கிறேன். அடுத்த நாள் இரண்டு வாளியில் குளித்தேன். காணும்தான்.

"பெரிய ஹோட்டல்கள் வந்தால் தீவு முன்னேறும்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இந்தக் கிணற்றைப் பற்றித்தான். நீச்சல் தடாகத்துக்கும் புல்தரைக்கும் ஒவ்வொரு அறையின் ஷவருக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்? கடல் தண்ணீரைச் சுத்திகரிக்கலாம் என்பார்கள். சுத்திகரித்து மிஞ்சுகிற கடும் உப்பை எங்கே விடுவார்கள்? கரைக்கடலில்தான். அங்கேதான் மீன் குஞ்சு வளர்கிறது.

தீவில் வேலை இல்லை என்பது உண்மை. பெடியள் வெளியே போகிறார்கள், பூட்டிக் கிடக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, இரவில் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால் கடல் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரி. அவர்களுக்குக் காசு வர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தக் காசு ஒரு முதலாளியிடம் போகாமல், அந்த அக்காவின் அறைக்கும், பக்கத்து வீட்டு அண்ணையின் மீனுக்கும், வாடகைச் சைக்கிளுக்கும், பாண் கடைக்கும் பிரிந்து போகட்டும் என்றுதான் சொல்கிறேன். அதைச் செய்யக்கூடியவர் இரவு தங்குகிறவர்தான். பகலில் வந்து போகிறவர் சாப்பாட்டுப் பார்சலையும் யாழ்ப்பாணத்திலேயே கட்டிக்கொண்டு வருகிறார், தின்றுவிட்டு சொப்பின் பையையும் போத்தலையும் தீவில் விட்டுவிட்டுப் போகிறார். அதைக் கொட்டுவதற்கு அங்கே இடம் எங்கே? ஒன்றில் எரிக்க வேண்டும், அல்லது காற்று கடலுக்குள் தள்ளும். கொண்டுபோன பிளாஸ்ரிக்கைப் பைக்குள் போட்டுத் திருப்பிக் கொண்டுவருவது என்ன பாரமா?

சிக்கனம் என்ற பெயரில் நடக்கிற இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் தங்கிய வீட்டுக்கு எங்களுக்கு முதல் ஒரு சோடி வந்திருக்கிறது. உலகம் சுற்றுகிறவர்களாம். அக்கா நண்டுக்கறி, ஒட்டிமீன் பொரியல், சொதி, சோறு வைத்துக் கொடுத்து, கேட்ட காசு யாழ்ப்பாணத்து ஹோட்டலில் ஒரு ஆளுக்கு எடுப்பதைவிடக் குறைவு. அதிலும் அரைவாசிதான் தருவோம் என்று நின்று, கடைசியில் அரைவாசியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "வந்த சனம், என்னெண்டு சண்டை பிடிக்கிறது" என்று அக்கா சொன்னா. அவர்கள் அதைத் தங்கள் கெட்டித்தனம் என்று எங்கேயாவது எழுதியிருப்பார்கள். எனக்குச் சிக்கனம் என்றால் தீவுச் சனம் போகிற படகில் போவது, அவர்கள் சாப்பிடுகிறதைச் சாப்பிடுவது, அவர்கள் குளிக்கிற அளவில் குளிப்பது. ஏசியும் சொகுசு வாகனமும் இல்லாமல் இருப்பதால்தான் செலவு குறைய வேண்டும். பேரம் பேசி மிச்சம் பிடித்தால் உங்கள் பயணத்துக்கு அந்த அக்கா காசு கட்டுகிறா என்றுதான் அர்த்தம்.

கணக்கும் சொல்கிறேன். பஸ், படகு, இரண்டு இரவு அறை, எல்லாச் சாப்பாடும், சைக்கிள் வாடகை சேர்த்து என் பங்குக்கு 9,400 ரூபாய் போனது. கேட்ட காசைக் கேட்டபடி கொடுத்துத்தான்.

கடற்கரையைப் பற்றியும் ஒரு சொல். படங்களில் வருகிற மாதிரிக் கழுவித் துடைத்த வெள்ளை மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மணல் இருக்கிறது, முருகைக்கல் துண்டுகள் இருக்கின்றன, காலுக்குச் செருப்பு வேண்டும். கரை முழுக்கச் சாதாளை என்கிற கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும். முகத்தைச் சுளித்து "ஊத்தை" என்கிறார்கள். அந்தச் சாதாளைப் புல்லுக்குள்தான் இறாலும் கணவாயும் குஞ்சாக இருந்து வளர்கின்றன, ஒட்டி அதைத்தான் மேய்கிறது. கரையில் ஒதுங்கியதும் சும்மா கிடக்கவில்லை, அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதை வாரிக் கூட்டிவிட்டுக் குடையும் கதிரையும் போட்டால் சில வருடத்தில் குடை போட மணல் இருக்காது.

நிழல் குறைவு, வெயில் கடுமை. பத்து மணிக்குப் பிறகு நாலு மணி வரை வீட்டுத் திண்ணையில் இருங்கள். நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடித்தோம், அக்கா புழுக்கொடியல் உடைத்துக்கொண்டு தன் கலியாணக் கதையைச் சொன்னா. இரவில் பனையோலை உரசுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் இவ்வளவு நட்சத்திரமா என்று இருந்தது. என் சிநேகிதி கொழும்பில் வளர்ந்தவள். கனநேரம் பேசாமல் கிடந்தாள். பிறகு மெல்ல என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றிரண்டு நடைமுறை விசயம். அடையாள அட்டை கொண்டுபோங்கள். கடற்கரையில் கூடாரம் அடிப்பதென்றால் கிராம சேவையாளரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெண்கள் தனியாகப் போகலாம், ஆனால் முதலே தங்குகிற வீட்டை ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள், யாருடைய வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் ஊரே பார்த்துக்கொள்ளும். உள்ளூர்ப் பெண்கள் உடுப்போடுதான் கடலில் இறங்குகிறார்கள், நாங்களும் அப்படியே இறங்கினோம்.

மூன்றாம் நாள் விடியக் காலமைப் படகு. அக்கா படலையடி வரை வந்து, ஒரு பனையோலைப் பெட்டிக்குள் புழுக்கொடியலும் கொஞ்சம் கருவாடும் வைத்துத் தந்தா. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "அடுத்த முறை வரேக்கை கிணத்துக்கு நாலு பாகம் நைலோன் கயிறு வாங்கிக்கொண்டு வா பிள்ளை, இது நைஞ்சுபோச்சு" என்றா.

கயிறு வாங்கிவிட்டேன். ஐந்து பாகமாக. வாற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். அந்தத் தம்பியும் கூட வருகிறார்.