அது அழுக்கு இல்லை

மகளுக்குப் பத்து வயசு. போன வருஷம் பூரா, தலைக்கு ஊத்துற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அவ பின்கழுத்தைப் பீர்க்கை நார் போட்டுத் தேய்ச்சிருக்கேன். மடிப்புல கருப்பா, தடிப்பா, தொட்டா வெல்வெட் மாதிரி இருக்கும். கடலைமாவு, எலுமிச்சம்பழம் எதுக்கும் போகலை. "எரியுதும்மா"ன்னு அழுவா. ஒழுங்காக் குளிக்கிறதில்லன்னு அதுக்கும் திட்டு வாங்குவா.

காய்ச்சலுக்குக் காட்டப் போனப்ப டாக்டர் கழுத்தைப் பாத்துட்டு, "இது அழுக்கு இல்லம்மா"ன்னார். இன்சுலின் சரியா வேலை செய்யாம ரத்தத்துல அதோட அளவு ஏறினா தோல் இப்படிக் கருக்குமாம், எடை கூடின பிள்ளைகளுக்கு அதிகமா வருமாம். சர்க்கரை டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். உங்க பிள்ளை கழுத்தோ அக்குளோ இப்படி இருந்தா, தயவுசெஞ்சு நாரைக் கீழ வச்சுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அடுத்து அவர் கேட்டதுக்குத்தான் எனக்கு வாய் வரலை. "வீட்ல ராத்திரி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுறீங்க?"

கடையடைச்சு அவங்கப்பா வர பத்து மணியாகும். கையில பரோட்டா பார்சல். பிய்ச்சுப் போட்டு சால்னா ஊத்துற வாசத்துக்குத் தூங்குற பிள்ளையும் எந்திரிச்சு வந்துரும். பகலெல்லாம் பாக்காத மகளுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் அப்பா. அவங்க அப்பத்தாவுக்குப் "புள்ள எளச்சிருச்சு" கவலை. போனைக் கையில கொடுத்து "இன்னும் ஒரே ஒரு வாய்"னு ஊட்டினது நான். போதும்னு அவ சொன்னதை நாங்க யாரும் காதுல வாங்கினதே இல்லை.

அப்புறம் செஞ்சது இன்னும் பெரிய தப்பு. எங்களுக்குப் பரோட்டா, அவளுக்கு மட்டும் ரெண்டு இட்லி. சொந்தக்காரங்க முன்னாடி "குண்டு"ன்னு பேச்சு. ஒருநாள் மாடிப்படிக்குக் கீழ ஒளிஞ்சு முறுக்கு தின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் வாயில இருந்ததை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே நின்னா.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 40.4 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் பேருக்கு எடை கூட. நாங்க ரெண்டு பேரும் அந்தக் கணக்குல வர்றவங்கதான். பரம்பரையும் ஒரு காரணம், இல்லைன்னு சொல்லலை. ஆனா பெத்தவங்க விடாத பழக்கத்தைப் பத்து வயசுப் பிள்ளை மட்டும் விடணும்னா அது அநியாயம்.

இப்ப எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. நாங்க எட்டு மணிக்குள்ள முடிச்சுருவோம், அவருக்கு மூடி வச்சிருப்பேன். பரோட்டா மாசம் ஒருதடவை, கடைக்கே போய். தட்டு முன்னாடி போன் கிடையாது. அவ போதும்னா போதும்.

பிள்ளைங்க தினமும் 60 நிமிஷமாவது ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. டியூஷன் முடிஞ்சு வர்ற பிள்ளைக்கு எங்க நேரம்? அதனால காலையில ஆறு மணிக்கு அப்பாவும் மகளும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தப் போறாங்க. எடை பெருசாக் குறையலை. வளர்ற பிள்ளை, ஏறாம இருந்தாலே போதும், உயரம் கூடக்கூடச் சரியாகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நேத்து அவங்கப்பாதான் மூச்சு வாங்கி மாரியம்மன் கோயில் எதிர்ல உக்காந்துட்டாராம். கையைப் பிடிச்சு எழுப்பி, "இன்னும் ஒரு சுத்துப்பா"ன்னாளாம்.