சொல்லிவிட்டு வராதீர்கள், செய்ய வைத்துவிட்டு வாருங்கள்

கிராமங்களுக்குப் போய்ப் பேரிடர் ஆயத்தம் சொல்லிக்கொடுக்க முன்வரும் இளைஞர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பல பயிற்சிகள் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. காலையில் கூட்டம், ஒரு மணி நேரப் பேச்சு, திரையில் படங்கள், கையில் துண்டறிக்கை, கடைசியில் குழுப்படம். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். கரண்ட் போன ராத்திரியில் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் ஏறும்போது அந்தத் தலையாட்டல் எதற்கும் உதவாது. அப்போது கையும் காலும் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அந்த ஊர் தானாக எதைச் செய்கிறதோ, அதை மட்டுமே நீங்கள் கற்றுக்கொடுத்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபது தலைப்புகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான்கைந்து போதும். ஆனால் ஒவ்வொன்றையும் அந்த வீட்டு ஆட்கள் தங்கள் கையால், தங்கள் பாத்திரத்தில், தங்கள் தெருவில் செய்து பார்த்திருக்க வேண்டும்.

முதல் வேலை பேசுவது அல்ல, கேட்பது. ஊரின் வயதானவர்களோடு சேர்ந்து நடங்கள். போன வெள்ளம் எந்தச் சுவரில் எதுவரை ஏறியது, எந்த வாய்க்கால் முதலில் உடைத்துக்கொள்ளும், எந்தப் பாதை முழங்கால் ஆழத்துக்கு முதலில் மூழ்கும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது, அவர்களுக்குத் தெரியும். அந்த நீர்மட்டத்தைச் சுவரில் பெயிண்டால் கோடு போட்டு, பக்கத்திலேயே வருடத்தையும் எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை அந்தக் கோடு தினமும் செய்யும்.

இந்தோனேசியாவின் சிமெலூ தீவில் 1907-இல் ஆழிப்பேரலை வந்து பெரிய அழிவு ஏற்பட்டது. பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைத் தாத்தா பாட்டிகள் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவுதான். ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். சைரனோ செல்போன் செய்தியோ அவர்களைக் காப்பாற்றவில்லை. ஊரின் பழைய நினைவைத் தன்னார்வலர் முதலில் தேட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது வழியும் நேரமும். இதில் நடக்கும் பெரிய தவறு, இருபது வயதுக் காலை வைத்துக் கணக்குப் போடுவது. நீங்கள் பத்து பன்னிரண்டு நிமிடத்தில் நடந்துவிடும் ஒரு கிலோமீட்டருக்கு, மூட்டுவலி உள்ள பாட்டி இடுப்பில் ஒரு குழந்தையோடு நடந்தால் அரை மணி நேரம் ஆகலாம். எனவே ஊரிலேயே மெதுவாக நடப்பவரோடு நடந்து பார்த்து நேரம் எடுங்கள். பையை எடுக்க, கதவைப் பூட்ட, ஆடுமாடுகளை அவிழ்க்க ஆகும் நேரத்தையும் அதோடு சேருங்கள். இருட்டுக்கும் மழைக்குமாக மொத்தத்தை இரட்டிப்பாக்குங்கள். தண்ணீர் வருவதற்கு அவ்வளவு நேரம் முன்பே அந்த வீட்டார் கிளம்பிவிட வேண்டும். இதைக் கதவின் உள்பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

ஒத்திகையில் ஒன்றாவது ராத்திரியில் நடக்க வேண்டும். பகலில் தெரியாத எல்லாம் அப்போதுதான் தெரியவரும்: பாதையில் மூடி இல்லாத குழி, பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் என்ற குழப்பம், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாதது. சாவி குறைந்தது மூன்று வீடுகளில் இருக்க வேண்டும். கால்நடைகளைப் பற்றிப் பேசாமல் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். 'மாட்டை விட்டுட்டு எப்படிங்க வர்றது' என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் அந்தக் குடும்பம் கிளம்பாது. மேட்டில் கால்நடைகளுக்கென்று ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கொண்டுபோக முடியாதவற்றைக் கட்டிப் போடாமல் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

ஓடும் தண்ணீரைப் பற்றி மூன்று அளவுகள் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் வெள்ளம் பெரிய ஆளையே தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரை இழுத்துப் போகும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும். மரக்கட்டையில் இந்த மூன்றையும் மூன்று வண்ணத்தில் அடையாளம் போட்டுத் தரைப்பாலத்தின் ஓரத்தில் நட்டுவிடுங்கள். மேல் கோடு மறைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது; முதல் கோட்டிலேயே பாலத்தை மூடிவிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எறிகயிறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தண்ணீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்ற நீந்திப் போனவரும் சேர்ந்து மூழ்குவது திரும்பத் திரும்ப நடக்கிறது. தண்ணீரில் இறங்காமலே உதவ ஒரு கருவி வேண்டும், அதை எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம்.

வேண்டியது 8 முதல் 10 மி.மீ. தடிமனில், 15 முதல் 20 மீட்டர் நீளத்தில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு, மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன், ஒரு சாக்குப்பை. கேனில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். காலிக் கேனைக் காற்று திருப்பிவிடும், நிறைந்த கேன் ஆளின் தலையைப் பதம் பார்க்கும். கேனின் கைப்பிடியில் பௌலைன் முடிச்சுப் போடுங்கள். இழுக்க இழுக்க இறுகாமல் நிற்பதும், பிறகு சுலபமாக அவிழ்வதும் அந்த முடிச்சுதான். சுருக்கு முடிச்சைப் பழக்கவே பழக்காதீர்கள். அவசரத்தில் அதை ஆளின் நெஞ்சில் மாட்டிவிட்டால் மூச்சை இறுக்கிவிடும்.

கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி வைத்தால் எறியும்போது சிக்கும். பிடிபிடியாகப் பைக்குள் தளர்வாகத் திணித்து வையுங்கள். எறிபவர் கேன் கட்டாத முனையில் இரண்டு மீட்டரை இடது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்; அதைக் கையில் சுற்றிக்கொள்ளவோ இடுப்பில் கட்டிக்கொள்ளவோ கூடாது. பின்னால் ஒருவர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளட்டும். முதலில் குரல் கொடுத்துத் தண்ணீரில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைத்து, ஆளைத் தாண்டிக் கேன் விழும்படி, கயிறு அவர் தோள்மேல் படும்படி எறிய வேண்டும். பிடித்துவிட்டால் வலித்து இழுக்காதீர்கள். கால்களை ஊன்றி நின்றாலே ஓட்டம் அவரைக் கரைப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். முதல் எறி தவறுவது சகஜம்தான். அப்போது கயிற்றை அழகாகச் சுருட்டிக்கொண்டு நிற்காமல், இழுத்துக் காலடியில் போட்டுவிட்டு உடனே மறுபடி எறிய வேண்டும். இந்த இரண்டாவது எறியைத்தான் அதிகம் பழக்க வேண்டும்.

இந்தக் கயிறு இரண்டு வகையில் பாழாகும். ஒன்று, வெயிலில் கிடந்து நார்நாராகப் பிரிந்துபோகும். இன்னொன்று, யாராவது மாடு கட்ட எடுத்துப் போவார்கள். நிழலில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுங்கள். எதற்காக அங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியட்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு வயிற்றுப்போக்கு வரும். அதனால் குடிநீரையும் உப்பு சர்க்கரைக் கரைசலையும் வீட்டுச் சமையலறையிலேயே சொல்லிக்கொடுங்கள். விறகோ கேஸோ இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைப்பதே மேல்: தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலுள்ள மலை ஊர்களில் மூன்று நிமிடம். கொதிக்க வைக்க வழியில்லை என்றால் வாசனை சேர்க்காத, 5 முதல் 9 சதவீதம் வலுவுள்ள திரவ பிளீச்சில் லிட்டருக்கு இரண்டு சொட்டு. கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டிவிட்டு நான்கு சொட்டு. கலக்கி அரை மணி நேரம் மூடி வைத்தால் லேசான குளோரின் வாடை வர வேண்டும். சொட்டு மருந்துக் குழாயால்தான் அளக்க வேண்டும், பாட்டில் மூடியைச் சாய்த்து அல்ல. பிளீச்சிங் பவுடருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எண்ணெயோ பூச்சிமருந்தோ கலந்த தண்ணீரை இந்த இரண்டு வழியும் சுத்தம் செய்யாது.

கரைசலின் அளவு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தேக்கரண்டியில் ஆறு தலைதட்டிய சர்க்கரை, அரைத் தேக்கரண்டி தலைதட்டிய உப்பு. எல்லாம் அந்தத் 'தலைதட்டிய' என்பதில்தான் இருக்கிறது. அக்கறையுள்ள அம்மா கரண்டியைக் குவித்துத்தான் எடுப்பார். உப்பு கூடிப்போனால் சிறு குழந்தைக்கு அதுவே ஆபத்து. ஆகவே கத்தி முதுகால் உப்பைத் தலைதட்டி, நடுவில் கோடு கிழித்து, பாதியைத் தள்ளிவிட அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். பிறகு ருசி பார்க்கட்டும்: கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். வீட்டில் எந்தச் செம்பு ஒரு லிட்டர் என்பதையும் அப்போதே அளந்து அடையாளம் வையுங்கள். கடைப் பாக்கெட் இருந்தால் அதுவே நல்லது. ஆனால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் கொஞ்சத்தை டம்ளரில் தூவிக் கொடுப்பது வழக்கமாக நடக்கும் பிழை. எதுவானாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

எச்சரிக்கையைக் கடத்துவதில் வங்கதேசத்தைப் பார்த்துக் கற்க வேண்டும். 1970 நவம்பர் புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1972-இல் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கி, மெகாபோனும் கைச் சைரனும் கொடியும் ஏந்திய தன்னார்வலர்களை ஊர் ஊராக உருவாக்கினார்கள். இன்று அவர்கள் எண்ணிக்கை சுமார் 76,000, அதில் பாதிப் பேர் பெண்கள். இது முக்கியம். 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தபோது, ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு அதிகமாகச் செத்தார்கள். பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள், ஆண்கள் வந்து கூப்பிடக் காத்திருந்தார்கள், மையங்களில் அவர்களுக்கென்று இடமில்லை. ஆண்கள் கூடும் இடத்தில், ஆண்களுக்குத் தோதான நேரத்தில் மட்டும் பயிற்சி நடத்துகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். பெண் தன்னார்வலர் இல்லாத குழுவை நான் முழுக் குழுவாகவே எண்ண மாட்டேன்.

'கனமழை எச்சரிக்கை, மக்கள் கவனமாக இருக்கவும்' என்பதைக் கேட்டு யாரும் எழுந்து நடக்க மாட்டார்கள். 'ஆற்றோர வீடுகள் எல்லாம் இன்று ராத்திரி எட்டு மணிக்குள் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட வேண்டும். மருந்து, போர்வை, பத்திரப் பையை எடுத்துக்கொள்ளுங்கள்.' இப்படிச் சொன்னால் நகர்வார்கள். யார், எப்போதுக்குள், எங்கே, எதோடு என்ற நான்கும் இருக்க வேண்டும். ஒரு தன்னார்வலருக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு, அவர் ஊரில் இல்லையென்றால் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆள். கடைசி வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து பதில் திரும்பி வர வேண்டும். வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பாதீர்கள். கரண்ட் போனால் டவர் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். நடக்க முடியாதவர்கள், காது கேளாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் பட்டியல் காகிதத்தில் இருக்கட்டும். யாரை யார் தூக்கி வருவது என்று பெயரோடு எழுதுங்கள். இரண்டு கழி, மூலை வெட்டிய இரண்டு சாக்கு இருந்தால் தூக்குப்படுக்கை தயார். அதில் ஒருவரைப் படுக்க வைத்து நூறு மீட்டர் தூக்கிப் பார்த்தால்தான் நான்கு பேர் வேண்டும் என்பது புரியும்.

புயல் பகுதி என்றால் இன்னொன்றையும் சேருங்கள். காற்று சட்டென்று நின்று வானம் வெளுத்தால் புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். வெளியே வந்தவர்களை எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று தாக்கும்.

அவசரப் பை பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதனால் சுருக்கமாக. பட்டியலை ஒப்பிப்பதைவிட, பை ஏன் வீணாகிறது என்று சொல்லிக்கொடுங்கள். டார்ச்சுக்குள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்து துருவேறும். வெளியே எடுத்து வையுங்கள். மருந்து காலாவதியாகும், பிள்ளையின் சட்டை சின்னதாகிவிடும், பை பூட்டிய பீரோவுக்குள் போய்விடும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்தில் ஒருமுறை பிரித்துப் பார்த்தால் போதும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவென்றால் வீட்டுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. தண்ணீர் வீட்டுக்குள் வரும் முன்பே மெயினை அணைக்க வேண்டும். ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்ச் பெட்டியைத் தொடக் கூடாது. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ஜப்பானின் கமாய்ஷி நகரில் டொஷிடாகா கடாடா என்ற பேராசிரியர் சில ஆண்டுகள் பள்ளிகளில் பழக்கிய பாடங்களில் ஒன்று, அலை எதுவரை வரும் என்று காட்டும் வரைபடத்தை அப்படியே நம்பாதே என்பது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபோது அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் கைப்பிடித்து முதலில் குறித்த இடத்துக்கு ஓடினார்கள். அங்கே பின்னால் இருந்த சரிவு இடிவதைப் பார்த்ததும் இன்னும் மேலே ஏறினார்கள். முதலில் நின்ற இடத்தைப் பின்னர் அலை மூழ்கடித்தது. நாம் போட்டுக் கொடுக்கும் வழித்தட வரைபடமும் தவறாகலாம். அதனால் ஒத்திகையில் வழியின் நடுவே வேண்டுமென்றே ஒரு கயிறு கட்டி, 'இங்கே மரம் விழுந்துகிடக்கிறது, இனி எப்படிப் போவீர்கள்' என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளுக்கு ஒரு கோரிக்கை. பதினெட்டு வயது நிரம்பாதவர்களை மீட்பு வேலைக்கு அனுப்பாதீர்கள். வீடு வீடாகச் சொல்வதும் பட்டியல் எடுப்பதும் அவர்களுக்குப் போதும். பூட்ஸ், ரெயின்கோட், விசில், காப்பீடு இல்லாமல் யாரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள். இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் ஊரைவிட்டுப் போவார்கள், அது இயல்பு. எனவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு இளைஞரோடும் ஊரிலேயே தங்கப்போகிற ஒருவரைச் சேருங்கள். அது சுகாதாரப் பணியாளராகவோ, மீன்பிடிப்பவராகவோ, குடும்பத் தலைவியாகவோ இருக்கலாம்.

பயிற்சி நடந்ததா என்பதை வருகைப் பதிவேட்டில் பார்க்காதீர்கள். ஆறு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பத்து வீடுகளின் கதவைத் தட்டுங்கள். டார்ச்சை எரியவிடச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் கரைசல் கலக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையிடம் எந்த வழியாக ஓடுவாய் என்று கேளுங்கள். எறிகயிறு தொங்கும் இடத்துக்குப் போய், அந்தப் பக்கம் வரும் யாரையாவது பத்து மீட்டர் தூரத்துக்கு எறிந்துகாட்டச் சொல்லுங்கள். எதில் தடுமாறுகிறார்களோ, அடுத்த பயிற்சியை அதிலிருந்து ஆரம்பியுங்கள்.