ஸ்பெயின் கரண்ட் கட்: அந்த ஃபார்வர்டு தப்பு

"2025 ஏப்ரல்ல ஐரோப்பா முழுக்க இருட்டாச்சு, சைபர் அட்டாக்தான், ரெகுலேட்டருங்க (மின்துறையக் கண்காணிக்கிற அமைப்புங்க) மூடி மறைக்கிறாங்க"ன்னு ஒரு மெசேஜ் சுத்துது, நம்பாதீங்க. ஏப்ரல் 28 மதியம் கரண்ட் போனது ஸ்பெயின், போர்ச்சுகல்ல, அப்புறம் பிரான்ஸ் எல்லை ஓரமா கொஞ்ச இடத்துல கொஞ்ச நேரம், அவ்ளோதான்.

சைபர் அட்டாக்குக்கு ஆதாரம் இல்லன்னு ஸ்பெயின் அரசோட ஜூன் மாச ரிப்போர்ட்டே சொல்லிடுச்சு. வோல்டேஜ் கட்டுக்கடங்காம ஏறி பவர் பிளான்ட்டுங்க ஒண்ணு பின்னால ஒண்ணா டிரிப் ஆச்சு, அதுதான் நடந்தது.

மறைக்கிறாங்கன்றதும் பொய்ங்க, விசாரணைக் குழுவுலயே ஐரோப்பிய ரெகுலேட்டர் அமைப்பான ஏசரும் அந்தந்த நாட்டு ரெகுலேட்டருங்களும் இருந்தாங்க, 2025 அக்டோபர் 3 அன்னைக்கு அவங்க போட்ட ரிப்போர்ட் ஐரோப்பிய மின்கட்டமைப்பு நிறுவனங்களோட கூட்டமைப்பான என்ட்சோ-இ வெப்சைட்ல இருக்கு, யார் வேணா படிக்கலாம். எங்க கோளாறுன்னு தேடிக் கண்டுபிடிச்சு விதிய மாத்தினாத்தான் அடுத்த கரண்ட் கட்டைத் தடுக்க முடியும், அந்த வேலைய செய்றவங்களப் போய் சதின்றது ரொம்ப அநியாயம். தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணாதீங்க.