பிரின்சிபல் ரூமில் பேசி முடிப்பது போதாது

காரைக்குடிப் பக்கம் கல்லூரியில் பிள்ளைக்கு ஒரு சிக்கல் என்றால், நிர்வாகத்தில் தெரிந்த ஆள் யார் என்றுதான் முதலில் தேடுவோம். யாராவது ஒரு அண்ணன் போனைப் போடுவார். பிரின்சிபல் கூப்பிட்டு உட்கார வைத்து, "இந்த செமஸ்டருக்குப் பாத்துக்கறோம், விடுங்க" என்பார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவோம். மாற்றுத்திறனாளி மாணவர்கள் விஷயத்தில் இந்தப் பழக்கத்தை விட்டுத்தொலைக்க வேண்டும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பார்வைக் குறைபாடு. அவள் கேட்டது பெரிய எழுத்தில் வினாத்தாளும் கூடுதல் நேரமும்தான். எல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடிந்தது. இன்டர்னல் தேர்வுக்கு வினாத்தாளை ஏ3 தாளில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். எழுத்து பெரிசுதான், ஆனால் ஓரம் வெட்டுப்பட்டுக் கேள்வி எண்ணையே காணோம். மணி அடித்ததும் ஹாலில் இருந்த மேடம், "எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்று விடைத்தாளை வாங்கிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை. அடுத்த வருஷம் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) மாறியதும் முதலிலிருந்து பேச வேண்டியதாயிற்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் என்று அதன் 17வது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றது. "கார்டில் குறைபாடு 40 சதவீதம் இல்லையே" என்று கைவிரிப்பவர்களுக்கு 2021-இல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் பதில் சொல்லிவிட்டது: ஸ்கிரைப் (எழுதித் தரும் ஆள்) கேட்பதற்கு அந்த 40 சதவீத நிபந்தனை இல்லை.

கல்லூரிக்கும் சிரமம் இருக்கிறது. கெமிஸ்ட்ரி தாளுக்கு ஃபார்முலா தெரிந்த ஸ்கிரைப் கடைசி நேரத்தில் கிடைப்பது லேசில்லை. அதனால்தான் செமஸ்டர் தொடக்கத்திலேயே கோரிக்கையை எழுதிக் கொடுங்கள் என்கிறேன். எழுதிக் கொடுத்தால் இன்டர்னல் மார்க்கைக் குறைத்துவிடுவார்களோ என்றுதான் பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தேதி போட்ட கடிதம் ஒன்று ஃபைலில் இருந்தால், மார்க்கில் கை வைக்க நினைப்பவரும் கொஞ்சம் யோசிப்பார்.

23வது பிரிவின்படி அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அந்தப் பிரிவு பேசுவது வேலை தொடர்பான புகாரைத்தான்; ஆனாலும் மாணவர் மனுவையும் அவரிடமே கொடுத்து வையுங்கள். அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், ஆபீஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பரவாயில்லை, மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையா, மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அதற்கும் மேலே சென்னையில் மாநில ஆணையர்; சுயநிதிக் கல்லூரி என்றாலும் அவரிடம் புகார் கொடுக்கலாம்.

எப்படியானாலும் தேர்வு அட்டவணை ஒட்டுவதற்கு முன்னால் மனு உள்ளே போயிருக்க வேண்டும். ஒட்டிய பிறகு கொடுத்தால், அவர்கள் விசாரித்து முடிப்பதற்குள் பாதிப் பரீட்சை முடிந்திருக்கும்.