கூத்துக்கு எத்தனை ஓ?

காலை நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, மகனை மாமியாரிடம் ஒப்படைத்து, இருட்டோடு இருட்டாகத் தோட்டத்து ரோட்டில் இறங்கி நின்று, ஆட்டோ பிடித்து ஹட்டனுக்கு வந்து, அங்கே பஸ் ஏறி, மூன்று மணித்தியாலம் மலையைச் சுற்றிச் சுற்றி வாந்தியை அடக்கிக்கொண்டு போய் இறங்கினால், நூலகத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு தாள். ‘இன்று மு.ப. 8.30 முதல் பி.ப. 12.30 வரை மாத்திரம்.’ அப்போதே மணி பத்தே கால்.

போன சனிக்கிழமையும் இதே கதை. அதற்கு முந்தின சனி முழுநாளும் பூட்டு. ஏதோ பரீட்சைக்கு மண்டபம் போதவில்லையாம், வாசிப்பறையை எடுத்துக்கொண்டார்களாம். முன்கூட்டி எங்கே அறிவித்தீர்கள் என்று கேட்டேன். அறிவித்தல் பலகையில் போட்டிருந்தார்களாம். எந்தப் பலகை? நூலகத்துக்கு உள்ளே இருக்கும் பலகை!

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், அதாவது அரைநாள் சம்பளம்தான். அம்மா எத்தனை நாள் அரைப்பேரோடு வந்து அடுப்படியில் முணுமுணுத்திருக்கிறாள். இந்த நூலகம் எனக்கு ஒவ்வொரு சனியும் அரைப்பேர் போடுகிறது. அம்மாவாவது கங்காணியைத் திட்டித் தீர்ப்பாள். நான் யாரைத் திட்டுவது? அந்தத் தாளில் ஒரு கையெழுத்துக்கூட இல்லை.

எந்தக் கம்பஸ் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இன்னும் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. அந்தப் படியைத்தான் மறுபடியும் ஏற வேண்டும்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். வேலையோடு வேலையாக முதுகலைக்குப் பதிந்திருக்கிறேன். எடுத்துக்கொண்ட தலைப்பு காமன் கூத்து. மாசி மாதம் வந்தால் காமன் பொட்டலில் கம்பம் நட்டு, ரதி மதன் வேஷம் கட்டி, தப்பு முழங்க விடிய விடிய ஆடுகிறார்களே, அதுதான். என் தாத்தா ஒரு காலத்தில் ரதி வேஷம் போட்டவர். ஆகவே இதை எழுத வேண்டும் என்பது எனக்கு வெறும் பட்டத்துக்கான ஆசை மட்டும் இல்லை. வார நாள்களில் பாடசாலை. ஞாயிறு வீட்டு வேலை. மிஞ்சுவது சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையைத்தான் தின்கிறார்கள்.

சரி, உள்ளே போவோம். பையை வெளியே தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ‘பொருட்களுக்கு நூலகம் பொறுப்பல்ல.’ குரங்குகளுக்கு அந்த அறிவித்தல் நன்றாக வாசிக்கத் தெரியும் போலிருக்கிறது. நாலு மணிக்கு எழும்பிச் சுட்ட ரொட்டி ஒருநாள் என் கண் முன்னாலேயே கூரைக்குப் போனது. மேசைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தல், அதைக் காவல் வைத்துவிட்டு ஆள் கன்டீனில் இரண்டு மணித்தியாலம். பிளக் இருக்கிற மேசை என்றால் கொப்பிக்குப் பதில் சார்ஜர் உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் பிள்ளைகள் செய்கிற வேலை, வயதுக் கோளாறு, விட்டுவிடலாம்.

நான் விட முடியாதது அந்தத் தேடல் கொம்பியூட்டரை.

வாசலில் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றின் மேல் ‘பழுது’ என்று ஒட்டி எத்தனையோ மாதமாகிறது. ஒட்டின தாளே மஞ்சளாகிவிட்டது. மற்றதில் உட்கார்ந்து ‘காமன் கூத்து’ என்று தமிழில் அடித்தேன். பெறுபேறு இல்லை. ‘கூத்து’ என்று மட்டும் அடித்தேன். இல்லை. ‘மலையகம்’. இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து ‘தமிழ்’ என்றே அடித்துப் பார்த்தேன். அதுவும் இல்லை! இரண்டாம் மாடியில் 894.811 என்று எண் போட்டு, தமிழ் இலக்கியம் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறது. கீழே இருக்கிற பெட்டிக்குத் தமிழ் என்றொரு சொல்லே தெரியாது.

கவுண்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. “டீச்சர், இங்கிலிஷ் எழுத்துல அடிச்சுப் பாருங்க, வரும்” என்றான்.

எந்த இங்கிலிஷ் எழுத்து, தம்பி? கூத்துக்கு ஓ இரண்டா? ஓ இல்லாமல் யூவா? யூ என்றால் ஒன்றா, இரண்டா, தலையில் கோடு போட்ட யூவா? ‘த்து’வுக்கு டி இரண்டா, டி எச்சா, டி டி எச்சா, டி எச் டி எச்சா? காமனுக்கு ஏ ஒன்றா, இரண்டா? காமனுக்கும் கூத்துக்கும் நடுவில் இடைவெளி உண்டா, இல்லையா? நான் கணக்கு டீச்சர் இல்லை, ஆனாலும் ஆத்திரத்தில் பெருக்கிப் பார்த்தேன். நாலு, நாலு, இரண்டு, இரண்டு. அறுபத்து நாலு வகை! ஆய கலைகள் அறுபத்து நான்கும் அந்த ஒரு தேடல் பெட்டிக்குள் இருக்கின்றன. ‘மலையகம்’ என்ற சொல்லுக்குப் போனால் இன்னும் மோசம். நடுவில் வரும் ‘க’வுக்கு கே போடுகிறவர் உண்டு, ஜி போடுகிறவர் உண்டு, நம் நாட்டு வழக்கப்படி எச் போடுகிறவரும் உண்டு. மூன்றுக்கும் மூன்று வேறு வேறு புத்தகங்கள் வருகின்றன. ஒருவர் எழுதிய இரண்டு நூல்கள், அவர் பெயரை இரண்டு விதமாக எழுதியதால், இரண்டு ஆள் எழுதியவை போல இரண்டு இடத்தில் கிடக்கின்றன.

இதற்கு முறை என்று ஒன்று இல்லாமல் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறை இருக்கிறது. நெடிலுக்கு எழுத்தின் தலையில் ஒரு கோடு, ழகரத்துக்கு எல்லின் காலடியில் ஒரு கோடு. பல நாட்டு நூலகங்கள் ஒன்றுக்கொன்று பட்டியலைக் கொடுத்து வாங்க அப்படி ஒன்று வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோட்டை விசைப்பலகையில் எங்கே தேடுவேன்? கோட்டை விடுங்கள், பதிந்தவர்கள் அந்த முறையையாவது கடைசிவரை பிடித்தார்களா? ஒரு கிழமை ஒருவர், அடுத்த கிழமை இன்னொருவர், அவரவர் வாய்க்கு வந்த ஸ்பெல்லிங்.

கொம்பியூட்டரில் தமிழ் ஏறாது என்று ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். உலக மொழிகளின் எழுத்துகளைக் கொம்பியூட்டரில் ஏற்றுவதற்கென்று 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது ஐயா. என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அம்மாவின் போனில் தமிழில் அடித்து எனக்கு லீவுக் கடிதம் அனுப்புகிறார்கள். நூலகங்களுக்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது. கோஹா என்று பெயர். நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்தின் தேவைக்காக எழுதி 2000இல் வெளியே விட்டார்கள். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். அதில் தமிழ் தாராளமாக ஏறும். நூலகவியல் படித்த தோழி ஒருத்தி சொன்னாள்: பட்டியல் பதிவில் 880 என்று ஒரு புலமே இருக்கிறதாம். ரோமன் எழுத்தில் எழுதிய தலைப்புக்குப் பக்கத்திலேயே மூல எழுத்தில் அதே தலைப்பைப் போடுவதற்கென்று வைத்த இடம். உலகமே யோசித்து இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. நிரப்ப ஆள் இல்லை. இல்லை, ஆள் இருக்கிறது, நிரப்பச் சொல்ல ஆள் இல்லை.

தன்னார்வலர்கள் 2005இலிருந்து நடத்திவரும் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் திறந்து பாருங்கள். தமிழில் அடித்தால் தமிழில் கிடைக்கிறது. தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். அங்கே நின்றே நான் பழைய சஞ்சிகைகளை வாசித்திருக்கிறேன். சம்பளமில்லாமல் அவர்கள் செய்வதைச் சம்பளத்தோடு செய்ய என்ன தடை?

தமிழும் இலங்கையின் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. அதை நூலகம் மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கழிவறைப் பலகையில் மூன்று மொழி. ‘அமைதி பேணவும்’ மூன்று மொழி. தண்டப்பண விவரம் மூன்று மொழி, தமிழில் ஒரு பிழைகூட இல்லை. புத்தகத்துக்கு மட்டும் ஒரு மொழி.

கோபத்தில் எங்கள் பாடசாலை அலுமாரியில் கிடந்த நூலகவியல் கைநூல் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை எழுதிவைத்தார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சம் பிடி என்பது. உலகம் முழுக்க நூலகவியல் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற விதி. ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேட ஒரு தமிழ் டீச்சர் ஏழு சனிக்கிழமை அலைந்ததை அந்த மனிதர் கேட்டிருந்தால் கணக்குக்கே திரும்பிப் போயிருப்பார்.

அப்புறம் ‘சேவைகள்’. ஒரு பளபளக்கும் கையேடு கொடுத்தார்கள். மின்வளங்கள் உண்டாம், ஆயிரக்கணக்கில் ஆய்விதழ்கள் உண்டாம். ஆசையோடு கேட்டேன். கம்பஸ் வலையமைப்புக்குள் இருந்தால்தான் திறக்கும். எந்த முகவரியிலிருந்து கேட்கிறோம் என்று பார்த்துத்தான் அந்தத் தளங்கள் கதவு திறக்குமாம். வெளியிலிருந்து நுழைய வேறு வழி உண்டா? உண்டு, விண்ணப்பப் படிவம் இருக்கிறது. படிவத்தை எங்கே கொடுப்பது? தகவல் தொழில்நுட்பப் பிரிவில். அது எப்போது திறக்கும்? திங்கள் முதல் வெள்ளி வரை.

பயிற்சிப் பட்டறையும் உண்டு. மேற்கோள் காட்டுவது எப்படி, தரவுத்தளத்தில் தேடுவது எப்படி, எல்லாம் அருமையான தலைப்பு. எப்போது? புதன்கிழமை காலை பத்து மணி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கென்று பாடநெறி வைத்துக் கட்டணமும் வாங்குகிறீர்கள், பயிற்சியைப் புதன்கிழமை வைக்கிறீர்கள். நான் புதன் காலை பத்து மணிக்கு ஏழாம் வகுப்புக்கு வேற்றுமை உருபு சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். குத்துவிளக்கு, பெரிய பதாகை, பேச்சு, பலகாரம், தேத்தண்ணி. போன வருடம் கண்காட்சிக்கு லீவு போட்டுவிட்டே போனேன். மலையக மூலை என்று ஒரு மேசையும் இருந்தது. கொழுந்துக் கூடை ஒன்று, தேயிலைச் செடி படம் ஒன்று, கண்ணாடிக்குள் நாலு புத்தகம். எடுத்துப் பார்க்கலாமா என்றேன். காட்சிக்கு மட்டும் என்றார்கள். கூடையைத் தொடலாம் என்றார்கள். கூடை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது!

இனி ஏழாவது சனிக்கிழமைக்கு வருகிறேன். தேடிச் சலித்து, போட்டோகொப்பிக்காரருக்கும் சனி அரைநாள் என்று தெரிந்து, சும்மா மாடியில் நடந்துகொண்டிருந்தேன். 294.5 இந்து சமயம். திருமுறை உரைகள், கும்பாபிஷேக மலர்கள். அவற்றுக்கு நடுவில் முதுகு கிழிந்து, இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டையோடு, மெல்லிசாக ஒன்று நெருங்கிக் கிடந்தது. உருவினால், காமன் கூத்து! யாரோ ஒரு தோட்டத்து வாத்தியார் எண்பதுகளில் சொந்தக் காசில் அச்சடித்த சிறு நூல். பாட்டுகள், வேஷங்களின் ஒழுங்கு, தப்படி முறை, எல்லாம். காமன் சாமிதானே, சமயத்தில் போடுவோம் என்று போட்டிருக்கிறார்கள். அதையும் மன்னிக்கலாம். முதல் பக்கத்தில் ஊதா மையில் ‘நூலகத்துக்கு அன்புடன்’ என்று அவர் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் திகதி முத்திரை குத்த ஒட்டிய தாள். அதில் ஒரு முத்திரைகூட இல்லை. அவர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த நாளிலிருந்து ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எப்படிக் கொண்டுபோவார்கள்? கீழே இறங்கி அந்த நூலின் பெயரைக் கொம்பியூட்டரில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று தம்பியிடம் கேட்டேன். எண்ணை வைத்துத் தேடிக் காட்டினான். இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக, இரண்டு டியோடு, யூ ஒன்றோடு, நடுவில் ஓர் எழுத்தும் விட்டுப்போய். என் அறுபத்து நாலில் அது இல்லவே இல்லை.

இரவல் கேட்டேன். பழைய பிரதி, ஒன்றே ஒன்று, ஆகவே உசாத்துணைக்கு மட்டும். போனில் படம் எடுக்கலாமா? அனுமதி வேண்டும். அனுமதி யார் தருவார்? உதவி நூலகர். அவர் எப்போது வருவார்?

நீங்களே சொல்லுங்கள்.

கையால் எழுதத் தொடங்கினேன். பனிரண்டே காலுக்கு மணி அடித்தார்கள். பனிரண்டரைக்கு விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். நான் பதினோராம் பக்கத்தில், ரதி புலம்பலின் நடுவில் இருந்தேன். ‘வாசித்த நூல்களை மேசையிலேயே விடவும், தட்டில் வைக்க வேண்டாம்’ என்று அங்கேயும் மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது. வாசித்த புத்தகங்களை அள்ளிப்போக ஒரு தள்ளுவண்டி. அது வந்துகொண்டிருந்தது. புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிப்போய், அந்தக் கும்பாபிஷேக மலர்களுக்கு நடுவில் எடுத்த இடத்திலேயே திணித்துவிட்டு, மேலிருந்து எத்தனையாவது தட்டு, இடமிருந்து எத்தனையாவது புத்தகம் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் மழை. கையை மடக்கியே வைத்திருந்தேன்.