கரையில் இருக்கும் 61 நாட்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், வேலை செய்யும் இடத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "உங்க ஊர்ல ரெண்டு மாசம் எல்லாருக்கும் லீவு, கவர்மென்ட் பணமும் குடுக்குது. அப்புறம் என்ன கவலை?" கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் விசைப்படகுத் தொழிலாளியின் மகளாக வளர்ந்தவள் நான். ஒருமுறை உட்கார்ந்து விரிவாகவே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தத் தடை. முன்பு 45 நாள் இருந்தது, 2017-ல் 61 நாள் ஆனது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. சித்திரை முதல் நாள் நள்ளிரவோடு எங்கள் துறைமுகத்தில் எஞ்சின் சத்தம் அடங்கிவிடும்.

இதில் இருக்கும் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். படகு போனால் திரும்ப நாள்கணக்காகும் தொழிலில் அப்பாவைப் பிள்ளைகள் பார்ப்பதே அபூர்வம். தடைக்காலத்தில் அவர் எங்களோடு உட்கார்ந்து சுடுசோறு சாப்பிடுவார். ராத்திரி முழுசாகத் தூங்குவார். சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து எல்லாம் இந்த மாதங்களைப் பார்த்துத்தான் வைப்பார்கள். நெல்லுக்கடை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டத்தில் எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்.

பூவரசு மரத்தடியில் வலை கட்டுவதைப் பார்க்க வேண்டும். கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வார். நைந்த கண்ணிகளைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு, நூல் சுற்றிய ஊசியை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, ஒரு முடிச்சு, ஒரு இழுப்பு. பேச்சு நிற்காது, கண் வலையில் இருக்காது, ஆனால் கண்ணி ஒன்றுபோல் விழும். ஊர்க்கதை, பழைய புயல், எந்த ஆழத்தில் என்ன மீன் கிடைத்தது என்பதெல்லாம் நான் கேட்டது அந்த மரத்தடியில்தான்.

இதெல்லாம் சித்திரை பாதி வரைக்கும்தான்.

அதற்குப் பிறகு வீட்டின் முகமே மாறிவிடும். கடலில் பழகிய உடம்பு மூன்று மணிக்கே எழுந்துவிடும். எழுந்து துறைமுகம் வரை நடந்துபோய், கட்டிக் கிடக்கும் படகைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். திண்ணையில் உட்காருவார், எழுந்திருப்பார், மறுபடி போவார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும். "மனுசன் வீட்டுல இருந்தா சோறும் கூடப் போகுது, சண்டையும் கூட வருது" என்பாள் அம்மா. அப்பாவின் குணத்தில் குறை இல்லை. நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஓய்வெடுக்க யாராலும் முடியாது.

ஏனென்றால் படகில் போகும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் பிடித்து, விற்று, டீசல் செலவு, ஐஸ் செலவு போக மிச்சத்தில் பங்கு. படகு போகாவிட்டால் பங்கும் இல்லை. அரிசிக்கு, மருந்துக்கு, ஜூன் மாதப் பள்ளிக்கூடச் செலவுக்கு என்று படகு முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். முதலாளிக்கும் கஷ்டம்தான். படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் செலவெல்லாம் அவர் தலையில், பாதி கடனில். கடைசியில் அந்த முன்பணம் ஜூன், ஜூலைப் பங்கில் கழியும். நாள்காட்டியில் ஜூன் 14-ல் முடிகிற தடைக்காலம் எங்கள் அடுப்படியில் ஆடி வரைக்கும் நீளும். லீவு என்று சொல்பவர்களுக்குத் தெரியாதது இதுதான்.

நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 131 ரூபாய் வரும். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பணத்தில் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அது கையில் கிடைக்கும் நாள். முதல் வாரமே வந்தால் வட்டிக்கு வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு வந்தால் வட்டிக்காரர் கைக்குத்தான் நேராகப் போகும்.

இன்னும் ஒன்று. தடை படகுக்குத்தான் என்றாலும் வேலை இழப்பவர்கள் படகோடு நிற்பதில்லை. ஐஸ் கட்டியை உடைத்து ஏற்றுபவர்கள், மீன் கூடை தூக்குபவர்கள், ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்கள், இவர்கள் எல்லோருக்கும் அதே 61 நாள்தான். கடலுக்குப் போகிறவர் இல்லாத வீட்டுப் பெண் அந்த நாட்களில் நாட்டுப்படகில் வரும் கொஞ்ச மீனுக்கு வியாபாரிகளோடு போட்டி போட வேண்டும். வாங்கினாலும் அந்த விலைக்கு வாடிக்கைக்காரர்கள் வாங்குவார்களா என்பது அடுத்த பயம். வஞ்சிரம் விலை ஏறிவிட்டது என்று வருத்தப்படும் நண்பர்கள், உங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் மீன்காரம்மாவை இந்த இரண்டு மாதமும் கொஞ்சம் விசாரியுங்கள்.

தடையே வேண்டாம் என்பவள் இல்லை நான். கடலுக்கு ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும். குஞ்சு மீனை அள்ளிவிட்டால் எங்களுக்குத்தான் நஷ்டம் என்று எங்கள் பெரியவர்களே சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் தடை வேண்டும் என்று சொல்லும் மீனவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் உட்காரவைத்துப் பேசித்தான் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். எந்த மாதமாக இருந்தாலும் சரி, படகு நிற்கும் அன்றைக்கே நிவாரணம் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பட்டியலில் ஐஸ் ஏற்றுபவர் பெயரும், கூடை தூக்குபவர் பெயரும், மீன் விற்கும் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் மீன் பெருக வேண்டும் என்று இவர்களை வேலையை நிறுத்தச் சொல்கிறோம். அந்தச் செலவை ஊரும் சேர்ந்து ஏற்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.