ஆமை முட்டையைக் கடலில் விடாதீர்கள்

எண்ணூர்ப் பக்கம் மணலில் ஆமை முட்டை கண்டால் எடுத்துக் கடல் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள், மீன் முட்டை மாதிரி அதுபாட்டுக்குப் பொரித்துவிடும், பனிக்குடமெல்லாம் பாலூட்டிகளுக்கு மட்டும்தான் என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீரில் போட்டால் அத்தனை குஞ்சும் உள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

பனிக்குடம் நமக்கும் ஆடு மாட்டுக்கும் மட்டும் உரியதில்லை. ஊர்வன, பறவை, பாலூட்டி மூன்றிலுமே கரு பனிச்சவ்வுக்குள் நீரில் மிதந்தபடிதான் வளர்கிறது. மீனுக்கும் தவளைக்கும்தான் அது கிடையாது. கருவோடு இன்னும் சில சவ்வுகள் உண்டு, ஒன்று மஞ்சள் கருவைப் பொதிந்து உணவு தரும், இன்னொன்று கழிவைச் சேர்த்துவைத்துக்கொண்டு, வெளிச்சவ்வோடு ஒட்டி, ஓட்டின் நுண்துளை வழியாக வரும் காற்றையும் வாங்கிக் கொடுக்கும். குஞ்சு வெளியே போன கோழிமுட்டை ஓட்டை உட்பக்கம் திருப்பிப் பாருங்கள், காய்ந்த சவ்வில் மெல்லிய ரத்தக்குழாய்த் தடம் தெரியும், குஞ்சு மூச்சு வாங்கியது அது வழியாகத்தான்.

பங்குனி ஆமை வாழ்நாளெல்லாம் கடலில் இருந்தாலும் கரையேறி, குழி தோண்டி, சுமார் 100 முட்டை இட்டு மூடிவிட்டுப் போவது இந்தக் காற்றுக்காகத்தான், வழி தவறி வந்ததில்லை.

அப்புறம் இன்னொன்று, இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலே செத்துப்போகலாம். கை வைக்காமல், நாய் தோண்டாமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முட்டையை எடுப்பதே குற்றம்.